வடகனடாவில் பைக் மீன் பிடிக்கப் போகும் பாரூர்த் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பாரூர் பெரிய ஏரியிலும் சுற்றியுள்ள குட்டைகளிலும் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கிறீர்கள். கனடாவின் மனிடோபா மாகாணத்து வின்னிபெக் நகரில் இருக்கும் அக்காவும் மாமாவும் அடுத்த கோடையில் உங்களை அழைத்திருக்கிறார்கள். விமானத்தில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஒரு வடக்கத்திய மீன்பிடி விடுதியில் ஒரு வாரம் தங்கி, குளிர்நாட்டு நன்னீர் வேட்டை மீனான பைக்கில் பெரியதாகப் பிடிக்க மாமா திட்டம் போட்டிருக்கிறார். எந்த மாதம் நல்லது, கையில் இருக்கும் ராடும் ரீலும் போதுமா, 'டிராபி' என்று சொல்லத்தக்க மீன் கிடைக்குமா, அவ்வளவு செலவு தகுமா, அக்கா வீட்டுக்கு மீன் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பக்கத்து மாகாணமான சஸ்காட்செவனில் வேலை பார்த்த காலத்தில் இந்த மீனோடு பழகியவன். இப்போது இருப்பது கிருஷ்ணகிரியில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் ஊரில் மீன் பிடிக்கப் போகிறவன் முதலில் விசாரிப்பது தண்ணீரின் அளவை. அணையில் எத்தனை அடி நிற்கிறது, மதகு திறந்துவிட்டார்களா, ஒகேனக்கலுக்கு எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது என்று கேட்போம். வடக்கே யாரும் அதைக் கேட்பதில்லை. அங்கே படகில் ஏறியதும் வழிகாட்டி பார்ப்பது தண்ணீரின் வெப்பநிலையை. மீன் எங்கே நிற்கும், இரையை எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும், பிடித்த மீன் விட்டபின் பிழைக்குமா என்ற மூன்றுக்கும் விடை அந்த எண்ணில்தான் இருக்கிறது. மாதக் கேள்விக்கும் அதுவே விடை என்பதால் அங்கிருந்தே போகலாம்.

வடக்கு சஸ்காட்செவன், வடக்கு மனிடோபா ஏரிகள் ஆண்டில் பாதிக்கு மேல் உறைந்து கிடக்கும். ரெயின்டீர், வொல்லஸ்டன், மனிடோபாவுக்கும் நுனாவுட்டுக்கும் இடையில் கிடக்கும் நுவெல்டின் போன்ற பேரேரிகளில் பனிக்கட்டி விலகவே மே மாதக் கடைசியோ ஜூன் நடுவோ ஆகிவிடும். கட்டி உடைந்த உடனே பைக் மீன் முட்டையிடும். அதற்கு இடுப்பளவு, முழங்காலளவு தண்ணீரில் போன ஆண்டின் காய்ந்த கோரையும் புல்லும் மூழ்கிக் கிடக்கும் விரிகுடாக்களைத் தேடி வரும். பெரிய தாய் மீன் இடும் முட்டைகள் லட்சத்தையும் தாண்டும். விராலைப் போலக் குஞ்சுகளைக் காவல் காக்கும் பழக்கமெல்லாம் இதற்கு இல்லை. முட்டையைச் செடியில் ஒட்டிவிட்டுப் போய்விடும். பிறகு அந்தக் குஞ்சுகளைத் தின்னவும் தயங்காது.

முட்டையிட்டு முடித்த பெரிய மீன்கள் சில வாரங்கள் அந்த ஆழமற்ற விரிகுடாக்களைவிட்டுப் போவதில்லை. கறுத்த சேற்றுத்தரை வெயிலை வாங்கிக்கொள்வதால் ஏரியின் நடுவில் இன்னும் பனிக்கட்டி மிதக்கும்போதே அங்கே தண்ணீர் சில டிகிரி கூடுதலாக இருக்கும். சிறு மீன்களும் அந்தச் சூட்டைத் தேடி வரும். ஆக, விடுதி திறக்கும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் ஒரு மீட்டர் நீளமுள்ள மீன், வெளிச்சமான தண்ணீரில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும். போலரைஸ்டு கண்ணாடி அணிந்து படகின் முன்புறம் நின்று, மீனைப் பார்த்து, அதற்கு முன்னால் வீசும் வாய்ப்பு அப்போதுதான். மாமாவிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: அவருடைய விடுமுறைக்கு ஏற்ப வாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த ஏரியில் வழக்கமாகப் பனி எப்போது விலகுகிறது என்று விடுதிக்காரர்களிடம் கேட்டு, அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பனி விலகும் முதல் வாரத்தையே பிடித்துவிடலாம் என்று ஆசைப்படுவது சூதாட்டம். ஏரி திறக்காவிட்டால் மிதவை விமானம் இறங்கவே முடியாது.

ஜூலை பிறந்து விரிகுடாத் தண்ணீர் 20 டிகிரியை நெருங்கியதும் காட்சி மாறிவிடும். சிறியவை அங்கேயே இருக்கும். பெரியவைக்கு அந்தச் சூடு ஆகாது. பைக் மீன் வளர வளரக் குளிர்ச்சியை நாடும். அப்போது மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் வளரும் அகன்ற இலை நீர்க்கொடிகளின் ஓரத்திலும், அதற்கும் கீழே பாறைச் சரிவுகளிலும் தேட வேண்டும். பிடிக்க முடியாது என்பதில்லை. மீனைப் பார்த்து வீசும் சுகம் போய்விடும், அவ்வளவுதான். ஆகஸ்ட் கடைசியில் தண்ணீர் மறுபடி குளிரத் தொடங்கும்போது உடல் தடித்த மீன்கள் கரைப் பக்கம் திரும்பும். அந்தப் பருவத்தில் கொசுத் தொல்லையும் குறைவு. ஜூனுக்கு இடம் கிடைக்காவிட்டால் ஆகஸ்டின் கடைசி வாரம்தான் என் தேர்வு. நடு ஜூலைக்கு மாமா பதிவு செய்திருந்தால் மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

இந்த மீன் ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதும் குளிரின் கதைதான். தெற்கே, சூடான தண்ணீரில் பைக் வேகமாக வளர்ந்து சீக்கிரம் செத்துப்போகும். வடக்கே மெதுவாக வளர்ந்து நீண்ட நாள் வாழும். 40 அங்குல மீனுக்கு அங்கே பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆகியிருக்கலாம். அந்த அளவுக்கு வருபவை ஏறக்குறைய எல்லாமே பெண் மீன்கள். பெரிய மீன் பிடித்தவர்களுக்குச் சான்று தரும் மனிடோபா அரசின் 'மாஸ்டர் ஆங்கிலர்' திட்டத்தில் பைக் மீனுக்குக் குறைந்தபட்ச அளவு 41 அங்குலம், அதாவது 104 சென்டிமீட்டர். அப்படி ஒரு மீன் சுமார் எட்டு ஒன்பது கிலோ இருக்கும். 45 அங்குலத்தைத் தொட்டால் விடுதி முழுவதும் அன்று இரவு அதே பேச்சுதான். உலகச் சாதனையோ கனடாவில் இல்லை. 1986-ல் ஜெர்மனியில் பிடிபட்ட 25 கிலோ மீனிடம் இருக்கிறது அது. ஒரு ராட்சத மீனைத் தேடி வடக்கே போகிறவர்களைவிட, ஒரே நாளில் பல பெரிய மீன்களோடு பழகப் போகிறவர்கள்தான் மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள். 'உறுதியாகக் கிடைக்குமா' என்று கேட்டீர்கள். நல்ல ஏரி, சரியான வாரம், ஒரு வார அவகாசம் மூன்றும் சேர்ந்தால் 40 அங்குலம் எதிர்பார்க்கத்தக்கதுதான். உத்தரவாதம் தருகிறோம் என்று எந்த விடுதியாவது சொன்னால் அங்கே போகாதீர்கள்.

இனி ராடும் ரீலும். விரால் பிடிக்கிறவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. விராலும் பைக்கும் உறவில் வெகுதூரம், தொழிலில் ஒன்று. இரண்டும் செடிக்குள் அசையாமல் நின்று, இரை பக்கத்தில் வந்ததும் பாய்ந்து விழுங்குபவை. பைக்கின் முதுகுத் துடுப்பு வாலை ஒட்டிப் பின்னால் போயிருப்பதைப் படத்தில் பாருங்கள். ஒரே உந்தலில் பாய்வதற்கான உடலமைப்பு அது. ஆகவே எங்கே வீசுவது என்பதை உங்கள் கண் ஏற்கெனவே அறியும்: செடி முடியும் ஓரம், செடிக்கு நடுவே உள்ள சந்து, மூழ்கிய மரத்தின் நிழல்.

ஏழடி நீளமுள்ள, ஓரளவு விறைப்பான ராடு, அதற்கேற்ற ரீல், 30 முதல் 50 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பு போதும். தவளை வீச நீங்கள் வைத்திருக்கும் ராடு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அது ஒரே துண்டாக இருந்தால் மட்டும் இரண்டு மூன்று துண்டாகப் பிரியும் ராடு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். மாற்ற வேண்டியது வேறு. நாம் பிரெய்டு நரம்பைத் தவளையோடு நேராகக் கட்டுவோம். பைக்கிடம் அது நடக்காது. அதன் வாயில் நூற்றுக்கணக்கான பற்கள். கீழ்த்தாடையில் ஊசிபோல நிற்பவை சில, அண்ணத்தில் தொண்டையை நோக்கிச் சாய்ந்து கிடப்பவை ஏராளம். நரம்பின் முனையில் கட்டும் ஓரடிக் கம்பியான லீடர் இல்லாமல் வீசினால், பல் நரம்பை அறுத்துவிட, மீன் போவதோடு போலி இரையையும் வாயில் வைத்துக்கொண்டு போய்விடும். மீனுக்கு அது கொடுமை. எனவே லீடர்களை மட்டும் தாராளமாக எடுத்துப் போங்கள்.

போலி இரையில் கடை விரிக்காதீர்கள். சிவப்பும் வெள்ளையுமான பெரிய ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக இரை) ஒன்று, வெள்ளி அல்லது தங்க நிற ஸ்பூன் ஒன்று, செடிக்குள் சிக்காத ஒற்றை முள் ஸ்பூன் ஒன்று, கையளவு நீளமுள்ள மெத்தென்ற ரப்பர் மீன்கள் சில. இதுவே ஒரு வாரத்துக்குக் காணும். உங்கள் ரப்பர் தவளையையும் எடுத்துப் போங்கள், ஜூலைச் செடிக்காட்டில் பைக் அதை விடாது. ஜூன் தொடக்கத்துக் குளிர்ந்த தண்ணீரில் மீன் மந்தமாக இருக்கும். அப்போது ஸ்பூனை எவ்வளவு மெதுவாக இழுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக இழுத்து, நடுவில் நிறுத்தி, மூழ்கவிட்டு, மறுபடி இழுங்கள். நம் ஆட்கள் எல்லோரும் அங்கே முதலில் தவறுவது வேகத்தில்தான்.

இன்னொரு கைப்பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். விரால் தவளையைக் கவ்வியதும் நாம் கொஞ்சம் பொறுத்து, அது வாய்க்குள் திருப்பிக்கொண்ட பின்தான் வெட்டி இழுப்போம். பைக் ஸ்பூனைக் கவ்விய கணமே இழுத்துவிட வேண்டும். பொறுத்தால் முள் ஆழமாக இறங்கிவிடும், அல்லது உலோகம் என்று தெரிந்து துப்பிவிடும். இரையின் பின்னாலேயே படகுவரை வந்து நின்று பார்க்கும் வழக்கமும் அதற்கு உண்டு. பின்னால் ஒரு நிழல் தெரிந்தால் இரையைத் தண்ணீரைவிட்டு எடுக்காதீர்கள். ராடின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டுப் படகோரமாக எட்டுப் போட்டுச் சுற்றுங்கள். முழங்கைத் தூரத்தில் நடக்கும் அந்தக் கடி உங்களை உட்காரவைத்துவிடும். மாட்டிய பெரிய மீனோ மரக்கட்டையைப் போலச் சாதுவாகப் படகருகே வரும். அதை நம்பி ரீலின் பிடியை இறுக்கிவிடாதீர்கள். படகைப் பார்த்த பிறகுதான் அது சண்டையைத் தொடங்கும்.

இந்தப் பயணத்தில் உண்மையான திறமை வேண்டியது மீன் படகோரம் வந்த பிறகு வரும் அந்த ஒரு நிமிடத்தில். நாம் மீனைக் கரையில் இழுத்துப் போட்டு, தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பழகியவர்கள். அங்கே பெரிய மீன் அனைத்தையும் திருப்பி விட வேண்டும். பல ஏரிகளில் சட்டமே அப்படி, சட்டம் இல்லாத இடத்தில் விடுதியின் விதி. மனிடோபாவில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீளும் அந்தச் சிறு கூர் இல்லாத முள்தான் அனுமதி. இருக்கும் முள்ளிலேயே அந்தக் கூரைக் குறட்டால் அழுத்தி மடக்கிவிட்டால் போதும். முடிந்தால் மூன்றுமுனை முட்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டிக்கொள்ளுங்கள். மீனுக்கு மட்டுமா நல்லது, உங்கள் விரலுக்கும்தான். மருத்துவமனை விமானத் தூரத்தில் இருக்கிறது.

மீனை ரப்பர் பூசிய பெரிய வலையிலேயே, தண்ணீருக்குள்ளேயே வைத்து, நீளமூக்குக் குறட்டால் முள்ளைக் கழற்றுங்கள். படத்துக்காகத் தூக்குவதானால், செவுள் மூடிக்குக் கீழே தாடை எலும்பை ஒட்டி விரல்களை நுழைத்து, சிவப்பான செவுள் இழைகளைத் தொடாமல் பிடித்து, மற்ற கையால் வயிற்றைத் தாங்கிக் கிடைமட்டமாகத் தூக்க வேண்டும். தாடையில் தொங்கவிட்டு எடுக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பத்து கிலோ உடல் அப்படித் தொங்கினால் உள்ளே எலும்பும் உறுப்பும் கேடுறும். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குங்கள், உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீனுக்கும் முட்டுகிறது. விடும்போது வாலருகே பிடித்து நிமிர்த்தி வைத்தால் தானே உதறிக்கொண்டு போகும். தண்ணீர் சூடேறிய நாட்களில் இந்த நேரத்தை இன்னும் சுருக்க வேண்டும், சூட்டில் விடப்பட்ட மீன் பிழைப்பது கடினம். பதம் செய்து மாட்டிவைக்க மீனைக் கொல்ல வேண்டியதும் இல்லை. நீளத்தையும் சுற்றளவையும் குறித்துக் கொடுத்தால் ஃபைபர் கண்ணாடியில் அச்சாகச் செய்து தருகிறார்கள்.

'பிடித்து விடுவதற்கு ஏன் இவ்வளவு செலவு' என்று உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இது நமக்குப் புதிய விஷயமில்லை. நம் காவிரியிலேயே, ஒகேனக்கலுக்கு மேலே கர்நாடகப் பகுதியில், கெண்டைக் குடும்பத்து ஆற்று மீனான மஹ்சீரைப் பிடித்து விடுவதற்கென்றே வெள்ளைக்காரர்கள் வந்து முகாம்களில் தங்கினார்கள். காவிரியின் துணையாறான கபினியில் 1946-ல் மைசூர்த் தூண்டில்காரர் வான் இங்கன் பிடித்த 120 பவுண்டு மஹ்சீர்தான் இன்றுவரை பேசப்படும் மீன். திமில் முதுகுள்ள அந்தக் காவிரி மஹ்சீருக்கு 'டோர் ரமாதேவி' என்ற அறிவியல் பெயரே 2018-ல்தான் உறுதியானது. அதே ஆண்டு அது மிகவும் அருகிவிட்ட இனம் என்று அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. அணைகள், மணல் கொள்ளை, வெடி போட்டு மீன் பிடித்தல், வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு மஹ்சீர் இனம் என்று பல காரணங்கள். தூண்டில்காரர்கள் வைத்திருந்த பழைய பிடிப்புக் கணக்குகள்தான் அது குறைந்துவருவதைக் காட்டிக்கொடுத்தன. மெதுவாக முதிரும் மீனை வேகமாக எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க நாம் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. இன்னொன்று: பயிற்சிக்கென்று ஒகேனக்கல் காட்டோர ஆற்றில் ராடோடு இறங்கிவிடாதீர்கள். 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அந்தப் பகுதி வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. குத்தகைதாரரிடம் கேட்டு உங்கள் ஏரியிலேயே, பின்கூர் மடக்கிய முள்ளால் விராலைப் பிடித்து, தண்ணீரிலேயே கழற்றிவிட்டுப் பழகுங்கள். அந்தப் பயிற்சிக்கு ஈடில்லை.

செலவைப் பற்றி என் கருத்து: ஒரு ஆளுக்குப் பல ஆயிரம் கனடா டாலர் ஆகும், அதில் பெரும்பங்கு விமானத்துக்கும் எரிபொருளுக்கும். மாமா மனமுவந்து அழைக்கிறார் என்றால் போய்வாருங்கள். கடன் வாங்கிப் போகத்தக்க பயணம் அல்ல. வின்னிபெக்கிலிருந்து காரில் போகும் தொலைவிலேயே பைக் நிறைய உண்டு, அளவு மட்டும் சிறியது.

மிதவை விமானத்தில் எடை பார்த்துத்தான் ஏற்றுவார்கள். 1947-ல் முதன்முதலாகப் பறந்த பீவர் ரக விமானங்கள் இன்றும் ஓடுகின்றன. சக்கரப் பெட்டி வேண்டாம், மடங்கும் துணிப்பை எடுங்கள். ராடு பிரிய வேண்டும் என்று சொன்னதும் இதனால்தான். மூடுபனியோ காற்றோ வந்தால் ஒரு நாள் முழுக்க விமானம் கிளம்பாது, ஆகவே சென்னைக்குத் திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். ஜூனில் காலையில் உறைபனியும் மதியம் வியர்வையும் ஒரே நாளில் வரும். ஓசூர்க் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரை நம்பாமல் கம்பளி உள்ளாடை, நல்ல மழைச்சட்டை, தலையை மூடும் கொசுவலைச் சட்டை மூன்றையும் மாமாவிடம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கொசு ஒருபுறம் என்றால் கடித்த இடத்தில் ரத்தம் வரவைக்கும் கறுப்பு ஈ இன்னொருபுறம்.

மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். ஒகேனக்கல் பரிசலில் கட்டாயம் என்பதற்காகப் போட்டுக்கொண்டு, பாதி வழியில் அவிழ்த்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நமக்கு நீச்சல் தெரியும் என்ற தைரியம் அங்கே செல்லாது. மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் பனித்தண்ணீரில் தானே இறங்கி ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு எளிது: விழுந்ததும் மூச்சை அடக்க ஒரு நிமிடம், கை கால் பயன்படும் நேரம் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். நீச்சல் வீரனுக்கும் அதே பத்து நிமிடம்தான்.

வழிகாட்டிகளில் பலர் கிரீ, டெனே பழங்குடி மக்கள். அந்த ஏரியை அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து அறிந்தவர்கள். எங்கே வீசு என்கிறார்களோ அங்கே வீசுங்கள். கடைசி நாளில் அன்பளிப்புத் தருவது வழக்கம், அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். மதியம் கரையில் ஒதுங்கி, அன்று பிடித்த சிறிய மீனை உருளைக்கிழங்கு வெங்காயத்தோடு பொரித்துப் பரிமாறுவார்கள். சுவை நன்றாகவே இருக்கும், உறைப்புதான் இருக்காது. முத்திரை பிரிக்காத மிளகாய்த்தூள் பாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். வழிகாட்டிக்கும் கொஞ்சம் தூவிக் கொடுங்கள், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அக்காவுக்கு மீன் கொண்டுவரலாம். உரிமம் எடுக்கும்போதே இரண்டு வகை இருக்கும், குறைந்த எண்ணிக்கை மட்டும் வைத்துக்கொள்ளும் வகை விலை மலிவு, அதுவே போதும். வைத்துக்கொள்ளத்தக்க அளவும் எண்ணிக்கையும் ஏரிக்கு ஏரி மாறும், அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அறுபது சென்டிமீட்டருக்குள் இருக்கும் மீன்தான் தின்னவும் நன்றாக இருக்கும். முதுகுச் சதைக்குள் கவட்டை போலப் பிரிந்த முட்கள் வரிசையாக இருப்பதால் கனடாக்காரர்கள் பலர் பைக்கை ஒதுக்குவார்கள். கெண்டை முள்ளோடு வளர்ந்த நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. துண்டு போடும்போது தோலை முழுவதும் உரித்துவிடாமல் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். என்ன மீன், எத்தனை மீன் என்று வழியில் அதிகாரி பார்த்தால் தெரிய வேண்டும். எல்லாத் துண்டையும் ஒரே கட்டியாக உறையவைக்காமல் தனித்தனியாகப் பொதிவதும் அதற்காகத்தான். ஊருக்குக் கிளம்பும் விமானத்தில் அதை ஏற்ற நினைக்காதீர்கள், அக்கா வீட்டுக் குளிர்பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.